கொசோங் பாயின் வெள்ளை நார்

சிங்கப்பூரில் சீனியை ஒழிக்க இரண்டு பேர் கிளம்பினார்கள். ஒன்று அரசாங்கம். மற்றது கொசோங் பாய். அரசாங்கம் சுவரில் படம் ஒட்டியது, பாட்டில்களின் மேல் எழுத்துப் போட்டது, டிவியில் வந்து பேசியது. பாய் அதெல்லாம் செய்யவில்லை. கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, தரமாட்டேன் என்றார். அவ்வளவுதான். என்னைக் கேட்டால், ஜாலான் புசார் பக்கம் இன்றைக்கு இரண்டு காலோடு நடக்கிறவர்களில் பாதிப் பேர் படத்தைப் பார்த்துத் திருந்தியவர்கள் இல்லை. பாயிடம் திட்டு வாங்கித் திருந்தியவர்கள்.

கொசோங் என்றால் மலாயில் வெறுமை, ஒன்றுமில்லாதது. காப்பிக்கடையில் போய் கொசோங் என்றால் சீனி போடாதே என்று அர்த்தம். மற்ற கடைகளில் அதை வாடிக்கையாளர் சொல்வார். இவர் கடையில் கடைக்காரர் சொல்வார். அதனால் வந்த பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்யும். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை.

லிட்டில் இந்தியாவிலிருந்து ஜாலான் புசார் பக்கம் திரும்பும் ஒரு சந்தில் அந்தக் காப்பிக்கடை. சோறு விற்பவர் வேறு, ரொட்டி போடுபவர் வேறு, குடிக்கிற சாமான் மட்டும் பாய். இரண்டு கடை தள்ளி செல்லம்மாவின் தையல்கடை. செல்லம்மா வெட்டித் தைப்பாள். ரவிக்கைக்குக் கொக்கி வைப்பது, சேலைக்கு ஓரம் அடிப்பது எல்லாம் நான். என் வீட்டுக்காரர் போன பிறகு பிடித்த ஊசி, இன்னும் கீழே வைக்கவில்லை. அதனால் அந்தத் தெருவில் எனக்குக் கொக்கி அக்கா என்று பெயர். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. இதை நானேதான் எழுதினேன். என் மகள் கலா திருத்தித் தருகிறேன் என்று வந்தாள். பிழையைத் திருத்து, பேச்சைத் திருத்தாதே என்று சொல்லித்தான் கையில் கொடுத்தேன்.

பாய்க்குப் பூர்வீகம் தொண்டிப் பக்கம். அவர் அப்பா காலத்திலேயே இங்கே வந்து ஊன்றிவிட்ட குடும்பம். ஆள் ஒல்லி. வெள்ளைத் தொப்பி, கட்டம் போட்ட கைலி, மேலே எந்தக் கம்பெனியோ இலவசமாகக் கொடுத்த டி-சட்டை. குரல் மட்டும் அந்த உடம்புக்குப் பொருந்தாது. உள்ளே இன்னொரு தடித்த ஆள் ஒளிந்துகொண்டு பேசுவது மாதிரி இருக்கும். என்னைவிட மூத்தவர். ஆனாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"நான் உங்களுக்கு அக்காவா பாய்?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"மரியாதைக்கு வயசு பாக்கக் கூடாது அக்கா."

கோபத்தை மடித்து வைத்துக்கொண்டேன்.

மற்ற கடைக்காரர்கள் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்பார்கள். பாய் கேட்பதில்லை, பார்ப்பார். கடை வாசலில் உயரமான ஒரு படி உண்டு. தாவி ஏறினால் இரண்டு கரண்டி சீனி. சுவரைத் தொட்டுக்கொண்டு ஏறினால் ஒன்று. 'அப்பாடா' என்று சொல்லிக்கொண்டு ஏறினால் கொசோங். இந்த இரகசியம் தெரிந்த சில கிழவர்கள் தெருவிலேயே நின்று மூச்சு வாங்கி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஒரே தாவாகத் தாவுவார்கள். அப்படித் தாவிய ஒருவர் நிற்க முடியாமல் ஓடி, சோற்றுக்கடை மீன்குழம்புச் சட்டிமேல் கையை ஊன்றித்தான் நின்றார். பாய் சளைக்கவில்லை. அவர் கையைக் கழுவிக்கொண்டு வரும்போது மேசையில் கொசோங் தயாராக இருந்தது.

குடிக்கக் கொடுப்பதோடு விட்டாரா? அதுதான் இல்லை. எங்கள் காப்பிக்கடைகளில் ஆர்டரைச் சத்தம் போட்டுச் சொல்வது வழக்கம். மேசையிலிருந்து ஒருவர் கத்துவார், உள்ளேயிருந்து ஒருவர் திருப்பிக் கத்துவார். இரண்டு சொல்லில் முடிந்துவிடும். பாய் மட்டும் காரணத்தோடு கத்துவார்.

"நீலச் சட்டை சாருக்கு அரைக் கரண்டி! கால்ல புண்ணு ஆறலையாம்!"

கடையில் இருக்கிற அத்தனை தலையும் மேசைக்கு அடியில் குனிந்து நீலச் சட்டைக்காரரின் காலைப் பார்க்கும். அவர் காலைச் செருப்போடு நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொள்வார். மறுநாள் வேறு நிறச் சட்டையில் வருவார். "பச்சைச் சட்டை சாருக்கு அரைக் கரண்டி! நேத்து நீலத்துல வந்தவர்தான்!"

சென்னையிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த ஒரு தம்பி. கழுத்தில் அட்டை, காதில் வெள்ளைக் குமிழ்.

"ஒரு காஃபி. ஸ்ட்ராங்கா, சுகர் கொஞ்சம் ஜாஸ்தி."

"எங்க வேலை?"

"ஆபீஸ்லதான்."

"நின்னு பாக்குற வேலையா, உக்காந்து பாக்குற வேலையா?"

"உக்காந்துதான். ஏன் அங்கிள்?"

"நீ உக்காந்தா உன் சீனியும் உக்காந்துடும். ஒரு கரண்டி. அடுத்த ஆளு!"

அடுத்த ஆள் கட்டடவேலை செய்கிறவர். தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார், ஞாயிற்றுக்கிழமைகூட வேலைக்குப் போகிறவர். அவர் வாயைத் திறக்கும் முன்பே இரண்டு கரண்டி விழுந்து மூன்றாவதும் விழுந்தது. அட்டைத் தம்பி அதைப் பார்த்துவிட்டு, "இது அநியாயம் லா அங்கிள்," என்றார். வந்து கொஞ்ச நாளிலேயே இந்த ஊர்ப் பேச்சின் 'லா' பிடித்துவிட்டது.

"நீயும் வெயில்ல போய் நின்னு கம்பி கட்டிட்டு வா, நாலு கரண்டி போடுறேன். யாரு வேணாங்கறா?"

சீனியைவிட டின் பால்மேல்தான் பாய்க்குப் பெரிய பகை. நம் ஊர்க் காப்பியின் உயிரே அந்த டின் பால்தானே. கிளாசின் அடியில் வெள்ளையாகக் கெட்டியாக நிற்க, மேலே கறுப்புக் காப்பி நிற்க, கலக்கக் கலக்கத் தேன் நிறமாகும். பாய் அந்த டின்னைத் தூக்கி முகத்துக்கு நேரே காட்டுவார். "இதுல பாலுன்னு எங்கயாச்சும் போட்டிருக்கா பாருங்க. க்ரீமர்னு போட்டிருக்கான். பனை எண்ணெய்ல சீனியக் கரைச்சு வச்சிருக்கான். மாடே பாக்காத பாலு! இதை ஊத்திட்டு அதுமேல சீனியையும் போடுன்னா, நான் காப்பிக் கடைக்காரனா, கருமாதிக் கடைக்காரனா?"

அவரை விசேஷத்துக்குக் கூப்பிடுவது அதைவிட ஆபத்து. செல்லம்மா மகள் நிச்சயதார்த்தத்துக்குக் கூப்பிட்டோம். வந்தவர் நேராகக் காப்பி டிரம்முக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டார். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, ஒவ்வொருவர் உடம்பையும் ஏற இறங்கப் பார்த்து, தட்டில் கப்புகளை மாற்றி மாற்றி வைத்து அனுப்பினார். சம்பந்தியம்மாளுக்குப் போனது கொசோங். அந்த அம்மாள் ஒரு வாய் குடித்தார். கப்பை வைத்தார். "எங்களுக்கு ஒரு கரண்டி சீனி போடக்கூட மனசு வரலையா?" என்றார். செல்லம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. நான் ஓடிப்போய்ப் பாயைக் கொலை செய்வதா, சம்பந்தியின் காலில் விழுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் சம்பந்தி ஐயா தன் கப்பைக் காலி செய்துவிட்டு, "எனக்கு இன்னொண்ணு கிடைக்குமா?" என்றார். "எல்லா வீட்டுலயும் பாயசத்துல முக்கி எடுத்து என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்புறாங்க. இங்கதான் எனக்கு உடம்பு சரியில்லைன்னு கேக்காமயே புரிஞ்சு காப்பி குடுத்திருக்காங்க. நல்ல குடும்பம்." கல்யாணம் நடந்தது. பாய் அதற்கு முழுப் பெருமையையும் எடுத்துக்கொண்டார்.

இவ்வளவு நாள் இந்தக் கூத்தையெல்லாம் நான் இரசித்துக்கொண்டுதான் இருந்தேன். ஏனென்றால் எனக்கு மட்டும் பாய் சலுகை காட்டினார். டின் பால் கெட்டியாக, சீனி இரண்டு கரண்டி. படியில் நான் தாவ மாட்டேன், ஆனால் 'அப்பாடா' சொல்லவும் மாட்டேன். வாயை மூடிக்கொண்டு ஏறுவேன்.

பிறகு கண் மங்கியது. முதலில் ஊசியில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். ஊசியை மாற்றினேன். நூலை மாற்றினேன். விளக்கை மாற்றச் சொன்னேன். கடைசியில் ஒரு கல்யாணப் பெண்ணின் ரவிக்கையில் ஒரு வரிசைக் கொக்கியைக் கீழே தள்ளி வைத்துவிட்டேன். போட்டுப் பார்த்தபோது ஒரு தோள் மேலேயும் ஒரு தோள் கீழேயுமாக அந்தப் பெண் நின்றது, பிள்ளைக்கு ஏதோ வாதம் வந்தது மாதிரி. செல்லம்மா ரவிக்கையை வாங்கிக்கொண்டாள். பிரித்து அவளே வைத்தாள். அவள் திட்டியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

கண் ஆஸ்பத்திரியில் புரை என்றார்கள். எடுத்துவிடலாம் என்றார்கள். எனக்கு நிம்மதி. அப்புறம் இரத்தத்தைப் பார்த்தார்கள். தாதி எங்கள் ஆள், தமிழ்ப் பெண்.

"பாட்டி, சீனி ரொம்ப ஏறியிருக்கு. இது இறங்கினாத்தான் டாக்டர் கண்ணுல கை வைப்பாரு."

"எவ்வளவு நாள்ல இறங்கும்மா?"

"அது உங்க வாயிலதான் இருக்கு பாட்டி."

கலா பக்கத்தில் நின்றாள். அவளுக்குக் கிளமெண்டியில் வீடு. எனக்கென்று அங்கே ஒரு அறை, ஒரு ஜன்னல், ஒரு டிவி எல்லாம் பல வருஷமாகத் தயாராக இருக்கிறது. "அடுத்த தடவ பாக்குறப்பவும் இறங்கலைன்னா ஊசி நூலு எல்லாம் போதும்மா. என்கூட வந்து உக்காந்துடணும்," என்றாள். நல்ல பிள்ளை. கெட்ட எண்ணம் துளியும் இல்லை. ஆனாலும் அந்த 'உக்காந்துடணும்' எனக்கு ஒத்துவரவில்லை. நான் சம்பாதித்த சோற்றை நான் சாப்பிடுகிறவள். ஜன்னலைப் பார்த்துச் சாப்பிட்டுப் பழக்கமில்லை.

யாரிடமும் சொல்லக்கூடாது என்று சொல்லித்தான் செல்லம்மாவிடம் சொன்னேன். அவள் யாரிடமும் சொல்லவில்லை, பாயிடம் மட்டும்தான் சொன்னாள். மறுநாள் காலை நான் வாயை மூடிக்கொண்டு படியேறி உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து அந்தத் தடித்த ஆளின் குரல் வந்தது.

"கொக்கி அக்காவுக்கு இன்னைலேருந்து கொசோங்! கண் ஆபரேஷன் இருக்கு!"

எல்லாத் தலையும் திரும்பி என் கண்ணைப் பார்த்தது. நான் எழுந்தேன். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினேன். "பாய், ஊர்ல வேற காப்பிக்கடை இல்லையா?" என்று கேட்டுவிட்டு இறங்கி நடந்தேன்.

வேறு கடை இருந்தது. அங்கே நம் ஆள்தான். "ஒரு காப்பிப்பா, கெட்டியா," என்றேன். அவன் என் தையல் பையைப் பார்த்தான், வெள்ளை முடியைப் பார்த்தான். "ஆபரேஷன் அம்மாதானே? பாய் சொல்லிட்டுப் போனாரும்மா. கொசோங் போடவா?" அடுத்த சந்துக்குப் போனேன். அங்கேயும் அதே கதை. கடைசியாக ஒரு சீனக் கிழவர் கடை. இவருக்கு நம் பாஷையே தெரியாதே என்று தைரியமாக விரலைக் காட்டி ஒன்று என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, விரலை ஆட்டிக்கொண்டு சிரித்தார். "ஆன்ட்டி, யூ கொசோங் லா!"

பாய் முந்தின நாளே கடையை மூடிவிட்டுத் தெருத் தெருவாகப் போய் என் அங்க அடையாளம் சொல்லியிருக்கிறார். காணாமல் போன பிள்ளைக்குக்கூட யாரும் இவ்வளவு அலைய மாட்டார்கள்.

அதற்காக விட்டுவிடுவேனா? பையில் ஊற்றிக் கொடுக்கும் காப்பிக்குப் பாய் ஒரு முறை வைத்திருந்தார். பிளாஸ்டிக் பையில் எல்லாக் காப்பியும் ஒன்றுபோலத்தானே தெரியும்? அதனால் வாயை நாரால் கட்டுவார். இனிப்புக்கு மஞ்சள் நார், பாதிக்குச் சிவப்பு, கொசோங்குக்கு வெள்ளை. மூன்று உருண்டையும் அவர் தலைக்கு மேலே தொங்கும். இந்த முறையை வைத்தே அவரைக் கவிழ்த்தேன். நான் போய், மனம் திருந்தியவள் மாதிரி வெள்ளை நார்க் காப்பி ஒன்று வாங்கி வருவேன். பின்னாலேயே செல்லம்மா போய் மஞ்சள் நார் ஒன்று வாங்கி வருவாள். தையல்கடைக்குள் வந்ததும் கை மாறும். செல்லம்மாவுக்கு முதலில் மனமில்லை.

"வேணாம்க்கா. கண்ணு விஷயம்."

"எனக்குத் தெரியாதாடி? சோத்தக் குறைச்சுட்டேன். பலகாரத்தத் தொடுறதில்ல. காலையில ஒரு வாய் காப்பி இல்லாம நான் என்ன கொக்கி வைக்கிறது?"

சோற்றைக் குறைத்தது உண்மை. பலகாரத்தைத் தொடாததும் உண்மை. ஆனால் அந்த மஞ்சள் நாரை அவிழ்த்து முதல் வாய் உறிஞ்சும்போது வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அதில் காப்பி பாதி, பாயை ஏமாற்றிய சுகம் பாதி.

"காப்பின்னா இது காப்பி!" என்பேன் தினமும். "அந்த வெள்ளைய எப்படித்தான் மனுஷங்க குடிக்கிறாங்களோ!"

செல்லம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு வெள்ளை நாரைக் குடிப்பாள்.

மறுபடி இரத்தம் பார்க்கிற நாள் வந்தது. கலா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். நான் குடித்த மஞ்சள் நாரையெல்லாம் எண்ணிக்கொண்டே போனேன். தாதி தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சூப்பர் பாட்டி! நல்லா இறங்கியிருக்கு! என்ன பண்ணினீங்க?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. சீனியைக் குடித்தே சீனியை இறக்கியவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். "எல்லாம் உடம்பு வாகும்மா. எங்க குடும்பத்துல எல்லாருக்கும் இரும்பு உடம்பு," என்றேன். ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். ரயிலில் திரும்பி வந்து சேரும் வரை கலா கிளமெண்டி அறையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

கண்ணைக் கழுவிவிட்டார்கள். மூடியை எடுத்த அன்று உலகத்துக்கே யாரோ வெள்ளையடித்துவிட்டது மாதிரி இருந்தது. சந்தனக் கலர் என்று நான் நினைத்துக் கட்டிக்கொண்டிருந்த சேலை சுத்த வெள்ளை. பழுப்பு என்று நினைத்த என் வீட்டுச் சுவர் வெள்ளை. என் முடியில்கூட ஒரு பழுப்பு பாக்கி இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தேன். அதுவும் போயிற்று. புரை இருக்கிற கண்ணுக்கு வெள்ளையெல்லாம் மஞ்சளாகத்தான் தெரியும் என்று தாதி சொன்னாள். சரிம்மா என்று கேட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

தையல்கடைக்குப் போனேன். மிஷினுக்குப் பக்கத்து ஆணியில் செல்லம்மா வழக்கம்போல இரண்டு காப்பிப் பையை மாட்டி வைத்திருந்தாள். என்னுடைய மஞ்சள் நாரை எடுக்கக் கையை நீட்டினேன். நீட்டிய கை நின்றுவிட்டது. இரண்டும் வெள்ளை நார்.

"செல்லம்மா, மஞ்சள் எது?"

அவள் மிஷினை ஓட்டிக்கொண்டே இருந்தாள். தைப்பதற்குத் துணியே இல்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"செல்லம்மா!"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. நான் ஆயுசுல காப்பி குடிச்சதில்ல, தே குடிக்கிறவ. நான் போய் காப்பின்னு நின்ன மூணாம் நாளே பாய் கண்டுபிடிச்சிட்டாரு. அக்காவுக்குத்தானேன்னாரு. நான் என்ன பண்ணுவேன்?"

அதுதான் நான் விட்ட பிழை. காப்பிக்கடைக்காரர்களுக்கு நம் முகம் மறந்தாலும் நாம் குடிப்பது மறக்காது. செல்லம்மா தே, அதாவது டீ, குடிப்பவள் என்பது தெருவுக்கே தெரியும். நான் அதை மறந்துபோய் அவளைக் காப்பி வாங்க அனுப்பியிருக்கிறேன். பாய் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டாராம். முதலில் மஞ்சள் நாரிலேயே சீனியில் கால் கரண்டியைக் குறைத்திருக்கிறார். நான் 'காப்பின்னா இது காப்பி' என்று சொன்னதாகச் செல்லம்மா போய்ச் சொல்லியிருக்கிறாள். இன்னும் கால் கரண்டி போயிற்று. அப்புறம் டின் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டு நிஜப் பாலை ஊற்றியிருக்கிறார். நாக்குக்குத் தெரியாமல் அதன் காலுக்குக் கீழே இருந்த பலகையை ஒவ்வொன்றாக உருவியிருக்கிறார். கடைசியில் ஒருநாள் வெள்ளை நாரையே கட்டிக் கொடுத்துப் பார்த்திருக்கிறார். புரைக் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிந்த அதையும் மஞ்சள் என்றே நம்பி வாங்கி, மெச்சிக் குடித்திருக்கிறேன் நான்.

"உன் வாய் எங்கடி போச்சு?"

"கசப்புக் காப்பிய இத்தனை நாளும் குடிச்சு அந்த வாயும் செத்துப்போச்சுக்கா. எனக்கு யாராச்சும் மாலை போடணும்," என்று அவள் அழுகிற மாதிரி சொன்னாள்.

விட்டேனா? இரண்டு பையையும் பிடுங்கிக்கொண்டு பாய் கடைக்கு நடந்தேன். தெருவில் நடக்கும்போதே பேசவேண்டியதைக் கோத்துக்கொண்டேன். நல்ல நல்ல வார்த்தைகள். படியில் தாவி ஏறினேன், சத்தியமாகத் தாவித்தான் ஏறினேன். பானம் போடுகிற மேடையில் இரண்டு பையையும் டொப்பென்று வைத்தேன். வாயைத் திறந்தேன்.

அப்போதுதான் பாயின் கிளாசைப் பார்த்தேன்.

தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் எப்போதும் ஒரு கிளாஸ் இருக்கும். அவர் குடிக்கிற காப்பி. இத்தனை நாளும் என் கண்ணுக்கு அது மங்கலாக ஏதோ ஒரு கிளாஸ். கொசோங் பாய் வேறு என்ன குடிக்கப்போகிறார் என்று இருந்துவிட்டேன். இப்போது புதுக்கண். கிளாசின் அடியில் இரண்டு விரற்கடைக்கு டின் பால். கல்லு மாதிரி நிற்கிறது. அதன்மேல் கரையாத சீனி மணல் மாதிரி படிந்திருக்கிறது.

கோத்து வைத்ததெல்லாம் அறுந்து கொட்டிப்போயிற்று. திரும்பி நின்றேன். கடையைப் பார்த்து, அவர் குரலிலேயே கத்தினேன்.

"எல்லாரும் கேளுங்க! கொசோங் பாய் கிளாசுல ரெண்டு விரக்கட டின் பாலு! மேல சீனி வேற!"

எல்லாத் தலையும் எழுந்தது. நீலச் சட்டைக்காரர் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடி வந்து எட்டிப் பார்த்தார்.

"அது... ருசி பாக்கறதுக்கு வச்சது," என்றார் பாய்.

"இந்த ஊர்ல எல்லாரு வாயிலேருந்தும் புடுங்கின சீனிய நீங்க ஒருத்தரே குடிச்சிட்டீங்களா பாய்?"

கடை சிரித்த சிரிப்பில் கூரை விழாதது ஆச்சரியம். பாய் மட்டும் சிரிக்கவில்லை. கிளாசை எடுத்துக் குழாய்க்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார். அப்புறம் அந்தத் தடித்த ஆள் இல்லாத குரலில், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"ஊருக்கெல்லாம் நான் சத்தம் போட்டுச் சொல்றேன். காப்பி கலக்குறவனுக்கு ஆர்டர் சொல்றதுக்கு ஆள் ஏது அக்கா?"

சண்டை போடத்தான் போனேன். அந்த ஒரு வார்த்தையில் சண்டை முடிந்துவிட்டது. வீட்டிலும் அவருக்கு யாரும் இல்லை, மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. மேடையில் இருந்த என் வெள்ளை நார்க் காப்பிகளில் ஒன்றை எடுத்து அவர் பக்கம் தள்ளினேன். மற்றதை அங்கேயே நின்று குடித்தேன்.

மறுநாளிலிருந்து அவருக்கு ஆர்டர் நான்தான். காலையில் உட்கார்ந்ததும் முதல் வேலை அதுதான். "கொசோங் பாய்க்கு ஒண்ணே முக்கால் கரண்டி! நேத்து முட்டி வலின்னாரு!" என்று கத்துவேன். கடையே திரும்பி அவர் முட்டியைப் பார்க்கும். அவர் கைலியை இறக்கிவிட்டுக்கொள்வார். அப்புறம் ஒன்றரை. அப்புறம் ஒன்று. ஒவ்வொரு கால் கரண்டிக்கும் சந்தையில் பேரம் பேசுவது மாதிரி பேசினார். "இன்னைக்கு மழை அக்கா, இன்னைக்கு மட்டும்." மழைக்கும் சீனிக்கும் என்ன சம்பந்தம் என்று நீலச் சட்டைக்காரர் கேட்டார். "ஓய், உமக்கு அரைக்கும் அரை பண்ணிடுவேன்," என்றார் பாய். அரைக் கரண்டி வரைக்கும் இறக்கினோம். அதற்குள் முட்டி முந்திக்கொண்டது. மேடைக்குப் பின்னால் நிற்க முடியவில்லை. கடையை விட்டுவிட்டு, பூன் லேயில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

இப்போது அந்த இடத்தில் இருக்கிற பையன் கெட்டிக்காரன். பளபளவென்று திரை வைத்திருக்கிறான். தொட்டால் சீனி எவ்வளவு என்று அதுவே கேட்கிறது. யார் கால் புண்ணும் அதற்குத் தெரியாது. அவன் அட்டைக் கோப்பையில் மூடி போட்டுத் தருகிறான். நான் எனக்குப் பையில் ஊற்றித் தரச் சொல்லி வாங்குவேன். நார் என் தையல் பையில் இருக்கிறது. பாய் போகும்போது அந்த மூன்று உருண்டையையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். "கொக்கி கட்ட உதவும்," என்றார். ரவிக்கையில் யாராவது ராஃபியா நார் கட்டுவார்களா?

செவ்வாய்க்கிழமை தையல் குறைவு. காப்பிப் பையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறிப் பூன் லே போவேன். போய்ச் சேரும்போது காப்பி ஆறி அவலாகியிருக்கும். மகள்காரி கதவைத் திறப்பாள். பாய் நாற்காலியில் உட்கார்ந்தபடி கண்ணைச் சுருக்கிக்கொண்டு பையைப் பார்ப்பார். அவருக்கும் இப்போது இரண்டு கண்ணிலும் புரை. நாள் கேட்டிருக்கிறார்கள். அவருக்கும் இரத்தத்தைப் பார்த்துவிட்டு, சீனி இறங்கட்டும் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

"என்ன நார் அக்கா?"

"உங்களுக்கே தெரியலையா? மஞ்சள்தான் பாய்."

"கெட்டியா?"

"கெட்டி. இன்னைக்கு மட்டும்."

அவிழ்த்து ஒரு வாய் குடிப்பார். ஆறின காப்பியைக் கண்ணை மூடிக்கொண்டு குடிப்பார். "காப்பின்னா இது காப்பி," என்பார்.

தெரிந்து சொல்கிறாரா, தெரியாமல் சொல்கிறாரா? கேட்பதில்லை. கண் தெளிந்ததும் ஒருநாள் அந்தத் தடித்த குரலோடு ஜாலான் புசாருக்குச் சண்டைக்கு வருவார். அந்தச் சண்டைக்காகத்தான் வாராவாரம் வெள்ளை நாரைக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.